ஒருசந்தியும் காலை மாத்திரையும்

வெரோனிக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டாக்டர் அதிராவின் கம்ப்யூட்டர் திரையில், அம்மாவின் பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: சொன்னதைக் கேட்காத நோயாளி. அம்மா அமலம்மாளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

முந்தாநாள் காலை பதினோரு மணிக்குச் சந்தையிலிருந்து திரும்பியவள், சுங்கை பினாங் அடுக்குமாடி லிஃப்டுக்குள் சுருண்டு விழுந்தாள். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீன் மட்டும் பார்த்திராவிட்டால், இந்நேரம் அடக்கப் பூசைக்கு நேரம் குறித்திருப்பார்கள்.

"மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும் ஆன்ட்டி. எத்தன தடவ சொல்றது? புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் வெரோனிக்காவுக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எதிரே டாக்டர் இருந்தால் போதும், கொடிமலை உச்சியிலிருந்து குதி என்றாலும் அம்மா 'புரிஞ்சுது' என்பாள்.

"புரிஞ்சுதான்னு கேக்காதீங்க டாக்டர்!" வெரோனிக்கா வெடித்தாள். "நாளைக்குக் காலையில என்னா செய்வாங்கன்னு கேளுங்க."

டாக்டரின் முகம் சுண்டியது. வெளியே நம்பர் சீட்டோடு முப்பது நாற்பது பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் கேட்டார்.

அம்மா பெருமையாகச் சொன்னாள். "ஆறு மணிக்கு மாத்திரை போட்ருவேன். ஒரு நாளும் விட்டதில்ல. சாயந்தரம் ஆறரைக்குத்தான் சாப்பாடு."

"இடையில?"

"தவக்காலம்லா. ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி. ஒரு நேரந்தான் சாப்பிடுறது."

"சாப்பிடாம மாத்திரை மட்டும் ஏன் போட்டீங்க?"

"மாத்திரை என்னா சாப்பாடா டாக்டர்? அது ஒருசந்திய முறிக்காது. பாவம், அலாவுதீன் பாய்க்குத்தான் பகல்ல மருந்து முழுங்கினா நோன்பு முறிஞ்சிடும். அதான் போன மாசமே கூப்பிட்டு நேரத்த மாத்திக் குடுத்தீங்க."

வெளிச் சுவரில் ரமலான் நோன்பில் மருந்து எடுப்பது பற்றி ஆளுயரப் போஸ்டர் ஒட்டியிருந்தது. நல்ல காரியம்தான். அதே வாரம் இன்னொரு நோன்பும் தொடங்கியது இந்தக் கிளினிக் மகராசிகளில் ஒருத்திக்காவது தோன்றவில்லையே! போன ஈஸ்டருக்குப் பிறகுதான் அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரியவந்தது; மாத்திரையோடு வந்த முதல் தவக்காலம் இது.

"பார்த்தீங்களா?" வெரோனிக்கா திரையைச் சுட்டினாள். "மாத்திரைய விடாதீங்கன்னு சொன்னீங்க, விடல. உங்க சொல்ல கேட்டதாலதான் விழுந்தாங்க. முதல்ல அந்த வரிய அழிங்க!"

டாக்டர் அழித்தார். காலை மாத்திரையை நிறுத்தி, மாலைச் சாப்பாட்டோடு குறைந்த அளவில் ஒன்று என்று மாற்றி எழுதினார்.

"இந்த வருஷம் ஒருசந்திய விடச் சொன்னா விடுவீங்களா ஆன்ட்டி?"

அம்மா முதல்முறையாகத் தலையாட்டவில்லை. "மாட்டேன் டாக்டர்."

"இத ஏன் முன்னாலயே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

வெரோனிக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றாக உறைக்கட்டும் என்றிருந்தது. டாக்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? தவக்காலம்னு உங்களுக்குத் தெரியுமே. நீங்களும் கேக்கலையா?"

விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறுகிறவள் வெரோனிக்கா. தவக்காலம் தெரியும், ஒருசந்தி தெரியும், மாத்திரையும் தெரியும். மூன்றையும் சேர்த்து ஒருபோதும் நினைத்ததில்லை. மூண்ட கோபத்துக்கு இப்போது போக இடமில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்," அம்மா அவசரமாகக் குறுக்கிட்டாள். "வேலைக்கு நடுவுலயும் தெனம் பத்து மணிக்கு போன் பண்ணி, மாத்திரை போட்டியான்னு கேப்பா."

சாப்பிட்டியா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.