பதினெட்டு மார்க்கும் ஒரு குடையும்

பர்மாவின் பசுந்தாங் பேட்டையில் மாடி வீட்டுக்காரர்கள் லேசில் கீழே இறங்கமாட்டார்கள். மணி கட்டிய கயிறு ஒன்றைத் தெருவரை தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவன் பொருளைக் கயிற்றில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் மணி அடிக்கும், மேலே தூக்கிக்கொள்வார்கள். மணியோசையைக் கேட்டே கயிற்றில் என்ன வருகிறது என்று சொல்லிவிடுவாள் சொக்கனின் மகள் கோகிலா. அதிலேயே கிடந்துதான் கணக்கில் பதினெட்டு வாங்கினாள்.

மழையில் மகளை அழைத்துக்கொண்டு நாலாவது மாடியிலிருந்த தனியார் கல்லூரிக்கு ஏறினார் சொக்கன். முதல்வர் டோ சாந்தகுமாரி — 'டோ' என்றால் பர்மியத்தில் அம்மா — மார்க்கைப் பார்க்கவேயில்லை.

"தனி ஆர்வம் என்னம்மா?"

அந்நேரம் ஜன்னலுக்கு வெளியே மணி அடித்தது.

"சமோசா, எட்டு. ஒண்ணு பிஞ்சுபோச்சு," என்றாள் கோகிலா.

இழுத்துப் பார்த்தார்கள். எட்டு. ஒன்று பிய்ந்திருந்தது.

"சேத்தாச்சு!" என்று மேசையைத் தட்டினார் முதல்வர்.

"டீச்சரம்மா, இவளுக்குக் கணக்கு சுத்தமா வராதே?"

"எங்க கணக்கு வாத்தியாருக்கும் வராது. அவரையும் தனி ஆர்வம் பாத்துத்தான் எடுத்தோம். குடைய மோந்தே யாரோடதுன்னு சொல்லிருவாரு."

சொக்கனுக்கு வந்ததே கோபம். "இதெல்லாம் ஒரு காலேஜா? வா புள்ள, போவோம்!" என்று எழுந்து குடைக்குக் கை நீட்டினார். குடையைக் காணோம். மூலையில் கணக்கு வாத்தியார் அதை மூக்கருகே பிடித்திருந்தார்.

"இது உங்க குடை இல்லையே. பொம்பள குடை. கன்னத்துல பூசுற தனகா வாசம் அடிக்குது, மேல டீ வாசமும். காலையில டீக்கடையில எடுத்திருக்கீங்க."

சொக்கன் மெல்ல உட்கார்ந்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும், டீச்சரம்மா?"