கோப்பையோடு வந்த பதினெட்டு ஓட்டு

அந்தக் கரீபியன் தீவில், அன்ஸ் கப்ரி ஊரின் கால்பந்துச் சங்கமான ரோவர்ஸ் முப்பத்தோரு வருடம் கழித்துத் தீவுக் கோப்பையை வென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். மறுநாள் திங்கட்கிழமை பொதுத் தேர்தல். இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்ததுதான் பில்பெர்த்தாவுக்குத் தலைவலியாகப் போயிற்று.

பில்பெர்த்தா அந்தச் சங்கத்தின் செயலாளர். ஐம்பத்திரண்டு வயது. கடலோர ரோட்டில் பொரித்த ரொட்டியும் உப்புமீனும் விற்கிறவள். ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகள், பந்துகள், காலுறைகள், அவர்களுடைய காதல் சண்டைகள் எல்லாம் அவள் பொறுப்பு. சங்கத்துக்குள் அரசியல் வரக்கூடாது என்று சுவரில் எழுதி வைத்தவளும் அவள்தான். ஆனால் அரசியல் இல்லாமல் சங்கம் ஏது? ஆடுகளத்தைச் சமன்படுத்திக் கொடுத்தது இப்போதைய எம்.பி., வக்கீல் வால்மண்ட். அதற்கு முன் பத்து வருடம் பள்ளிக்கூட மைதானத்தை இலவசமாகத் திறந்துவிட்டது தலைமையாசிரியை ஒத்தீலி செராஃபின். இப்போது வால்மண்டை எதிர்த்து நிற்பவரும் அவரே. போன தேர்தலில் டீச்சர் ஏழே ஏழு ஓட்டில் தோற்றார். அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க, வால்மண்டின் பச்சைக் கட்சி வீட்டுப் பையன் டீச்சரின் ஆரஞ்சுக் கட்சி வீட்டுப் பையனுக்குப் பந்தைத் தட்டிவிடவே இல்லை. பதினொன்றாம் இடத்துக்கு இறங்கிப் போனார்கள். அப்படி ஒரு வருடம் இனி வரவே கூடாது என்பதுதான் பில்பெர்த்தாவின் கவலை.

ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் கொட்டிய மழையில், ஊருக்குத் திரும்பும் மலைச் சாலை சரிந்தது. அணி, ஆட்டம் நடந்த போர்ட்ஸ்மத் நகரிலேயே ஒரு மாதா கோயில் கூடத்தில், பெஞ்சுகளின் மேல், கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு தூங்கியது. சரிவை அள்ளிச் சாலையைத் திறக்கத் திங்கள் மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. ஓட்டுப்பதிவு ஐந்து மணிக்கு முடியும். பதினாறு ஆட்டக்காரர்கள், ஓட்டுநர் ஹில்ராய், பில்பெர்த்தா என்று பதினெட்டு ஓட்டு அந்தப் பழைய பஸ்ஸுக்குள் இருந்தது.

உச்சிக்கு அரை மைல் இருக்கும்போது பஸ் முனகிக்கொண்டு நின்றது.

ஹில்ராய் கீழே இறங்கிப் படுத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் சேற்றோடு எழுந்தான்.

"எஞ்சின் ஓடுது. சக்கரம் சுத்தல. கிளட்ச் காலி. ஆனா பிரேக் தங்கம் மாதிரி இருக்கு. உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுட்டீங்கன்னா, ஏழு மைலும் இறக்கம்தான், சும்மா உருட்டிட்டுப் போயிடுவேன்."

பதினாறு பேரும் இறங்கித் தள்ளினார்கள். ஈரச் சாலையில் ஐம்பதடி நகர்ந்தது, அவ்வளவுதான். வேறு பஸ் கேட்டு பில்பெர்த்தா ஊருக்கெல்லாம் போன் போட்டாள். ஓட்டுக்காரர்களை ஏற்றிப்போக எல்லா வண்டியையும் கட்சிகள் என்றோ பிடித்து வைத்துவிட்டன என்றார்கள். ஆனால் அவள் போட்ட போனே வேலை செய்தது. பதினெட்டு ஓட்டு மலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி ஊருக்குள் இறங்கிய அரை மணி நேரத்தில், பச்சைக் கொடி படபடக்க ஒரு பிக்கப் உச்சியைத் தாண்டி வந்தது. வால்மண்டே முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில், உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்கப்பா சாம்பியன்களா! ரெண்டு நடையில கொண்டு சேர்த்துடறேன்."

அவர் பின்னாலேயே ஆரஞ்சுத் துணி சுற்றிய வாழைக்காய் லாரி ஒன்று வந்தது. அதிலிருந்து ஒத்தீலி டீச்சர் மெதுவாக இறங்கினார். அறுபத்து நாலு வயதிலும் வகுப்பறைக்குள் நுழைகிற நடை. ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் தம்மையறியாமல் நிமிர்ந்து நின்றார்கள்.

"என் லாரியில எல்லாரும் ஒரே நடையில போயிடலாம்" என்றார்.

பையன்கள் பிக்கப்பையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேப்டன் கார்னெட்தான் வாயைத் திறந்தான். பாதிப்பேர் அதிலும் பாதிப்பேர் இதிலும் போகலாமே என்றான். சொன்ன உடனே, யார் எதில் ஏறுவது என்று தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. முந்தின நாள் மாலை ஒருவரையொருவர் தோளில் தூக்கிய பையன்கள், ஒருவன் அப்பன் எந்தக் கட்சி, இன்னொருவன் மாமன் எந்தக் கட்சி என்று பேச ஆரம்பித்தார்கள்.

பில்பெர்த்தா பஸ் படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"ஒருத்தனும் ஏறக்கூடாது. பச்சையில ஏறுனவன் பச்சை, ஆரஞ்சுல ஏறுனவன் ஆரஞ்சுன்னு இன்னிக்கே ஊர் பெயர் வச்சிடும். அப்புறம் நாளைக்கு எவன் எவனுக்குப் பந்து போடுவான்? இந்தப் பஸ்லதான் போனோம், இதுலயேதான் வருவோம். வக்கீலய்யா, டீச்சர், உங்களுக்கு ஓட்டு வேணும்னா ரெண்டு பேர் கொடியையும் கழட்டிட்டு, ரெண்டு வண்டியையும் சேர்த்துக் கட்டி எங்களை உச்சிக்கு இழுத்துக் கொடுங்க."

வால்மண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. கொடியை உருவிச் சீட்டுக்கு அடியில் போட்டார். டீச்சரும் துணியை அவிழ்த்து மடித்துக் கைப்பையில் வைத்தார். லாரியில் வாழைத்தார் கட்டுகிற கயிறு நிறைய இருந்தது. இரண்டு வண்டியையும் திருப்பி நிறுத்தினார்கள். அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. எது முன்னால்?

கார்னெட் காசு சுண்டினான். டீச்சர் கேட்டதே விழுந்தது. எல்லோரும் லாரி முன்னால் போகும் என்று நினைத்தார்கள்.

"நான் பின்னாடியே இருந்துக்கறேன்" என்றார் டீச்சர். "அஞ்சு வருஷமா நான் இந்தாளை இழுத்துப் பார்த்துட்டேன். இன்னிக்கு ஒரு நாள் அவர் என்னை இழுக்கட்டும்."

வால்மண்டே சிரித்துவிட்டார். பிக்கப் லாரியை இழுக்க, லாரி பஸ்ஸை இழுக்க, பையன்கள் பின்னாலிருந்து தள்ள, வண்டி நகர்ந்தது. கடைசி வளைவில் சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. வால்மண்ட் இறங்கி வந்து, பளபளக்கும் கறுப்பு ஷூவோடு பஸ்ஸின் பின்பக்கம் தோள் கொடுத்தார். அவர் பக்கத்தில் டீச்சர், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை வைத்து அழுத்தினார்.

"தள்ளறீங்களா, சும்மா சாஞ்சுக்கிட்டு இருக்கீங்களா வக்கீலே?"

"உங்க பக்கம்தான் டீச்சர் கனம் ஜாஸ்தியா தெரியுது."

பையன்களுக்குச் சிரிப்பில் தள்ளக்கூட முடியவில்லை. ஆனாலும் பஸ் உச்சியில் ஏறி, மூக்கைக் கடல் பக்கம் திருப்பி நின்றது. கயிற்றை அவிழ்த்து, பிக்கப்பும் லாரியும் ஓரம் ஒதுங்கியதும் எல்லோரும் பாய்ந்து ஏறினார்கள். வால்மண்டையும் டீச்சரையும்கூடக் கார்னெட் உள்ளே இழுத்துப் போட்டான். இருவரும் ஒரே சீட்டில் நெருங்கி உட்கார, அவர்கள் மடியில் கோப்பை இருந்தது.

ஹில்ராய் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். அந்த ஏழு மைலை பில்பெர்த்தா சாகும்வரை மறக்கமாட்டாள். ஹாரன் நிற்காமல் கதற, ஒவ்வொரு வளைவிலும் பதினாறு தொண்டைகள் பாட, கோகோ தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து வெற்றிச் சங்கு ஊதினார்கள். பஸ் ஜன்னலில் எம்.பி.யும் அவர் எதிரியும் சேர்ந்து கையாட்டுவதைப் பார்த்து ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நாலு முப்பத்தைந்துக்கு ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். கோப்பையோடு உள்ளே விடமாட்டேன் என்று போலீஸ்காரர் மறித்தார். சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். கடைசி ஓட்டு பில்பெர்த்தாவுடையது. மறைப்புக்குள் நின்றபோது விரலில் சேறும் மையும் ஒன்றாக இருந்தது. யாருக்குப் போடுவது என்று அவள் ஒரு வாரம் முன்பே முடிவு செய்திருந்தாள். அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவும் இல்லை.

டீச்சர் மூன்று ஓட்டில் ஜெயித்தார்.

பதினெட்டில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊர் கணக்குப் போட்டுப் பார்த்தது. எல்லோரும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கியதால் கணக்கு எதுவும் நிற்கவில்லை. செவ்வாய் மாலை தெருவெல்லாம் மேளம், சீமைப்பலாக்காய் சுடும் புகை. கோப்பை விருந்துக்கு வால்மண்ட் வருவாரா என்று பில்பெர்த்தா சங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். டீச்சர் எழுந்துபோய் அவரை ஆடக் கூப்பிட்டபோது முகம் சரியாகிவிட்டது.

அடுத்த பருவத்திலிருந்து வால்மண்ட் ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. யார் ஓட்டும் இனித் தேவையில்லை என்பதால், நடுவரை வாய் நிறையத் திட்டுகிற சுகம் அவருக்குப் புதிதாகக் கிடைத்திருக்கிறது. பில்பெர்த்தா பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாத வசவுகளையும் எடுத்துக்கொடுக்கிறாள்.