மேசையின் விளிம்பு

பனி இறங்கும் பருவம் அது. விடிந்து நெடுநேரமாகியும் ஞாயிறு முகம் காட்டாமல், வெண்திரை ஒன்றின் பின்னே நின்றிருந்தது. இலையுதிர்ந்த மரங்கள் அசைவற்றிருந்தன. கிளைதோறும் நீர்த்துளிகள் திரண்டு, தயங்கி, ஓசையின்றி விழுந்தன. தெருவில் போவோர், நோயாளி இருக்கும் வீட்டைக் கடப்பவர்போல எல்லா வீடுகளையும் மெல்லக் கடந்தனர்.

ஒரு வீட்டில் உண்மையிலேயே நோயாளி இருந்தார். சன்னலோரக் கட்டிலில் அவரைத் தலையணைகளில் சாய்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. அவள் பிடிக்குள்ளும் அவை நடுங்கின.

நிலம் அளந்த கை அது. முக்காலியின்மேல் கருவியை நிறுத்தி, மயிரிழை பிசகாமல் எல்லை குறித்தவர். அளவில் ஐயம் வந்தால், கோளாறு கருவியிலா ஆளிலா என்று பார்க்க, கருவியை அசையாத இடத்தில் வைத்து, கையை எடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார். ஓய்வு பெற்றபின் ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கி, சன்னலுக்கு வரும் குருவிகளைப் படம் பிடிப்பதே வேலையென்று இருந்தார்.

பிறகு படங்கள் கலங்கத் தொடங்கின. கேமராவுக்கு வயதாகிவிட்டது என்று முதலில் சொன்னவள் அவள்தான். மருத்துவர் அவளைத் தனியே அழைத்து, இந்த நடுக்கம் இனிப் போகாது என்று சொல்லியிருந்தார். அதை அவள் நெஞ்சுக்குள் பூட்டிவிட்டாள். கை நடுங்குவது மருந்தின் சூடு என்றாள். படம் கலங்குவது கேமராவின் குற்றம் என்றாள். அவரும் சரியென்று கேட்டுக்கொண்டார்.

கேமரா பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்றார். சில நாள் வைத்திருந்து, சரிசெய்ததாகச் சொல்லித் தரும்படி அவள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் முறை போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நல்லா இருக்கிறதை இன்னும் எத்தனை தடவைம்மா நல்லாக்குறது?"

அவள் கேமராவின் உறையை எடுத்து நீட்டினாள். அவரும் மேலே கேட்காமல், கண்ணாடிவில்லையைத் துடைத்து உறையிலிட்டுக் கொடுத்தார்.

பழசைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்ற பேச்சு வீட்டில் ஓயவே இல்லை. என்னையும் கேமராவையும் ஒரே வைத்தியரிடம் காட்டிவிடு என்று கணவர் கேலி செய்வார். அவளோ பழசின் பக்கமே நின்றாள். புதிதிலும் குருவி கலங்கினால், அப்புறம் எதன்மேல் பழி போடுவது?

இது எதுவும் அறியாத மகள் அன்று காலை ஊரிலிருந்து வந்து இறங்கினாள். கையில் புதுக் கேமரா.

"அப்பா, இதுல கை ஆடினாக்கூடப் படம் ஆடாதாம்."

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. அவர் இரு கைகளாலும் கேமராவை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பினார். வெளியே ஒரு குருவி இருந்தது. அழுத்திவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் அழுத்தவில்லை, மெல்ல மடியில் இறக்கினார்.

"நல்ல சாமான். நீயே வச்சுக்கம்மா. எனக்குப் பழசு போதும். உங்கம்மா அதை ரிப்பேருக்குக் குடுத்துக் குடுத்தே புதுசாக்கிட்டா."

சிரிப்பு இருமலாக முடிந்தது. மூச்சு அடங்கியதும் மனைவியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை குடுத்துப் பாப்போமா?"

"குடுக்கலாங்க. நாளைக்கே குடுத்துடறேன்."

சரியென்று தலையசைத்துக் கண்ணை மூடினார். நண்பகலில் பனி விலகி வெயில் கட்டிலில் விழுந்தபோது, அவள் பிடித்திருந்த கையில் நடுக்கம் இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போனபின் ஒரு மாலை, தாயும் மகளும் பழைய கேமராவை எடுத்துப் படங்களைப் பார்த்தார்கள். குருவிகள் புகைபோலக் கரைந்து கிடந்தன. ஒன்றுக்கும் முகம் இல்லை. பின்னோக்கிப் போகப் போக இடையில் ஒரே ஒரு படம் தெளிவாக வந்தது.

கட்டிலருகே நாற்காலியில் அவள் உறங்குகிறாள். மூக்கில் சரிந்த கண்ணாடி, சற்றே திறந்த வாய், நெற்றியில் விழுந்த நரைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே. படத்தின் அடியில் ஒரு மேசையின் விளிம்பு.

"இது மட்டும் எப்படிம்மா ஆடல?"

"மேசைமேல வச்சு, தானா எடுக்கிற மாதிரி பண்ணிட்டுக் கையை எடுத்திருக்கார்."

படத்தின் மூலையில் தேதி இருந்தது. கேமராவை அவள் முதன்முதலாகப் பழுதுபார்க்கக் கொண்டுபோனதற்கு முந்தின நாள்.

அதற்குப்பின் எத்தனை முறை அதை உறையிலிட்டு அவள் கையில் கொடுத்து, பாத்துப் போய்ட்டு வா என்று வாசல்வரை வந்து நின்றிருந்தார்!

மகள் ஏதோ கேட்டாள். அவள் காதில் விழவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடிவில்லையைத் துடைத்து மூடியிட்டாள். கேமராவைக் கண்களில் ஒற்றி, சன்னலோரம் அவருடைய தலையணைமேல் வைத்தாள். விளக்கேற்றிக் கைகுவித்தாள். அவர் கை நடுங்காதிருக்க வேண்டும் என்று அந்திதோறும் வேண்டியவள், இன்று எதுவும் வேண்டாமல் நெடுநேரம் நின்றாள்.

"புதுசைத் திருப்பிக் குடுத்துடவாம்மா?" என்றாள் மகள்.

அவள் மகளின் தலையில் கை வைத்தாள்.

"வேணாம். நீ வச்சுக்க. கண்ணுக்குப் பட்டதெல்லாம் தெளிவா விழட்டும். நல்லா இரு."