வந்து சேர்ந்ததா, நெகோரோ சார்?

அன்று காலை குனியாகி பேராசிரியர் நெகோரோவுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. ரிசீவரை முறைத்துவிட்டு வைத்தார்.

விண்கலம் அனுப்பும் தரவு மலைமேல் ஆன்டெனாவில் விழுந்ததிலிருந்து விஞ்ஞானி கையில் சேரும்வரை பின்தொடர்வது அவர் வேலை. அவரைக் கேட்டால் அதுவும் ஆப்பிள் பெட்டி மாதிரிதான். ஆப்பிள் விளையும் அவர் சொந்த ஊர் நாகானோவில், அனுப்பிய பெட்டி கிடைத்ததும் போன் பண்ணி நன்றி சொல்லாதவனுக்கு அடுத்த வருஷம் பெட்டி கிடையாது. விஞ்ஞானிகளுக்கு அந்த மரியாதை தெரியவில்லை என்பது அவருடைய தீராக் குறை.

“சனிக்கிழமை விண்கலத்துல இருக்கற தூசிக் கருவியோட மூலப் பதிவை அழிச்சிடுவாங்க. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றாரா பாரு.”

அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த அவர் மனைவி ஃபுமியே நிமிரவில்லை. “நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிட்டதுக்கே பதில் போடாதவருங்க அவரு.”

சிரித்துக்கொண்டே தேநீர் எடுக்கப் போனவர் நடைவழியிலேயே விழுந்தார். எழவில்லை.

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை. நல்ல படம் கிடைக்காததால் அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி வைத்திருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் பாக்கி கேட்பதுபோல் அது பார்த்தது.

ஊதுபத்தி ஏற்ற நின்றவர்களின் வரிசையில் நெகோரோ வந்தார். “என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா.”

ஃபுமியே குனிந்து வணங்கினாள். வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய இடம்; அவளோ, “தூசிக் கருவியோட தரவு வந்து சேர்ந்ததா சார்? நாளைக்கு அழிச்சிடுவாங்க” என்றாள்.

வரிசை நின்றது. துறவி மந்திரத்தைச் சற்று உரக்கச் சொன்னார்.

“இன்னும் திறந்து பாக்கலை…”

“இப்பப் பாருங்க.”

“இங்கேயா?”

“ஆமா. அவருக்கு இன்னைக்கு அவசரமில்லை.”

நெகோரோ வாசலில் செருப்பு அலமாரி ஓரம் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். பாதிக்கு மேல் காணோம். ஏழு வருஷம் காத்திருந்து ஒரே ஒருமுறை வால்மீனைக் கடந்தபோது அள்ளிய தூசிக் கணக்கு அது. அவர் முகம் வெளுத்தது. கட்டுப்பாட்டு அறையின் எண்ணை ஃபுமியே போட்டுக் கைபேசியை அவரிடமே நீட்டினாள்.

“நெகோரோ பேசறேன். பாதிதான் வந்திருக்கு. அழிச்சிடாதீங்க, தயவுசெஞ்சு” என்றார் அவர். காலில் செருப்புகூட இல்லாமல் போனுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்திருந்தார். குனியாகி இதைப் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அந்த நினைப்பில்தான் ஃபுமியேவுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

அழிப்பதை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை மறுபடி அனுப்பும்படி விண்கலத்துக்குக் கட்டளை போட்டார்கள். அவள் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். தரவு ஒளியின் வேகத்தில் வந்தது. அதைவிட வேகமாக எதுவும் வருவதில்லை, நெகோரோவின் நன்றிப் போன் உட்பட.