முனிவேலின் வாய்ப் பரிசோதனை

பல் டாக்டர் வஜிஹா ஓசூர் தொழிற்சாலைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது கொஞ்சம்தான். "மாசம் ஒருக்கா கண்ணாடி முன்னாடி வாயத் தெறந்து பாருங்க. வெள்ளத் திட்டு, செவப்புத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருந்தா எங்கிட்ட வாங்க. வலிக்கலேன்னாலும் வாங்க. புத்துநோய் மொதல்ல வலிக்காது."

முனிவேலுக்கு அது போதும். பதினோரு வருடமாக இரும்புத் தண்டுகளில் கீறல் தேடும் இன்ஸ்பெக்டர் அவன். மறுநாளே டார்ச்சும் கையுமாகக் கிளம்பிவிட்டான். பிடிபட்டவர்களிடமெல்லாம் "ஆ காட்டு" என்றான். திட்டு தெரிந்தால், பழுதான தண்டில் கட்டும் சிவப்புச் சீட்டைச் சட்டைப் பொத்தானில் மாட்டினான். கேண்டீன் மங்கம்மாவின் புடவைத் தலைப்பில்கூட ஒன்று தொங்கியது. தொழிற்சாலையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அடுத்த மாதம் டாக்டர் மறுபடி தொழிற்சாலைக்கு வந்தபோது ஏழு சீட்டுக்காரர்கள் வரிசையில் நிற்க, அவருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க வாய யாரு பாத்தது?" என்று முனிவேலைக் கேட்டார்.

"நானே பாத்துட்டேங்க மேடம். ஓகே."

பொய். இடது கன்னத்தில் புகையிலை அடக்கும் இடம் சொரசொரவென்று இருப்பது அவன் நாக்குக்கு எப்போதோ தெரியும். அங்கே மட்டும் டார்ச் அடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

லேத் ஓட்டும் ரசூல் வரிசையிலிருந்து குதித்து வந்தான். "தண்டச் செஞ்சவனே அதப் பாத்து பாஸ் பண்ணக் கூடாதுன்னு தெனமும் எங்கள வறுத்தெடுப்பியே! தெறடா வாய!"

இரண்டு பேர் கையைப் பிடிக்க, ரசூல் டார்ச் அடித்தான். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவன் முகம் சட்டென்று மாறியது. டாக்டர் வந்து பார்த்தார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

பத்து நாள் முனிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. புகையிலையைத் தொடவில்லை. முடிவு வாங்கப் போன அன்று ரசூலும் அரை நாள் லீவு போட்டுக் கூடவே வந்து டாக்டரின் கிளினிக் வெளி பெஞ்சில் உட்கார்ந்தான்.

"புத்துநோய் இல்ல. விட்டிருந்தா ஆயிருக்கும். இனிமே புகையில கிட்டயே போகக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்" என்றார் டாக்டர்.

முனிவேல் பாய்ந்து வெளியே வந்தான். நடுத்தெருவில் ரசூலை இழுத்து நிறுத்தி, வாயைக் காது வரைக்கும் திறந்தான்.

"பாருடா! நல்லாப் பாரு!"

"மூடுடா, ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்டா!" என்று கத்தினான் முனிவேல். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயை மட்டும் அவன் மூடவே இல்லை.