தொட்டித் தண்ணீர்

நாகல் நகரில் வீடு பார்த்துத் தர ஜீவிதா தன் சார்பில் அமர்த்திய புரோக்கர் ஈஸ்வரன். அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று, அவன் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"போர் மோட்டாரப் போடுங்க, தண்ணியப் பாக்கணும்," என்றாள்.

"அதான் குழாயில வருதேக்கா," என்றான் ஈஸ்வரன்.

"அது தொட்டித் தண்ணி. காலையில லாரி வந்து ஊத்துனத பக்கத்து வீட்டம்மா சொல்லிட்டாங்க."

வீட்டுக்காரர் முறைத்தார். "நம்பிக்கை இல்லாதவக எதுக்கு வீடு வாங்க வாரீக?"

ஜீவிதா தானே போய் மோட்டாரைப் போட்டாள். போர்க் குழாயில் கொட்டிய தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பினாள். அத்தனை உப்பு.

"இந்த ஏரியாவுல அம்புட்டு போரும் இப்படித்தான்க்கா," என்று இழுத்தான் ஈஸ்வரன்.

"தெரிஞ்சுதான் மறச்சியா? இனி எனக்கு வீடு தேடாத. இவருக்கு ஆளு தேடு."

அட்வான்ஸ் பணத்தோடு ஆட்டோவில் ஏறினாள்.