பேச்சு வந்தால் பாட்டு இறங்கும்

அரங்கத்தில் எல்லோரும் அவளைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். மேடைக்குப் பின்னால் யாராவது பிஸ்கட் உறையைப் பிரித்தால்கூட, கடைசி வரிசைக்கும் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையில் உட்கார்ந்திருக்கும் அவள் தலை திரும்பிவிடும். அந்த நாடக அரங்கத்தை நடத்துகிறவர் அவளுடைய அண்ணன். ஒலி முழுக்க அவள் பொறுப்பு. அறிவிப்பு மட்டும் அண்ணியுடையதாக இருந்தது. அண்ணி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அப்படி ஒரு குரல் அண்ணிக்கு. "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று அவள் சொன்னால் அரங்கம் மொத்தமும் கையைப் பைக்குள் விடும். தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தபின் குரல் போய் வெறும் காற்றுதான் மிஞ்சியது. ஆனாலும் வீட்டில் அடைந்து கிடக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, தவறாமல் வந்துவிடுவாள். மிக்ஸர் மேசைக்குப் பக்கத்திலேயே கண்ணாடி வைத்த சின்ன அறை. அதுதான் அறிவிப்பு அறை. அதில் போய் மைக் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் அவளுடைய பழைய பதிவை ஓடவிடுவார். அந்தப் பதிவோடு கூடவே அவளும் உள்ளே கிசுகிசுப்பாள். தொடங்கும் முன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "கேக்குதா?" என்பாள். அண்ணன் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்.

ஒரு மண்ணும் கேட்காது. அந்த மைக்கின் வழியில் கேட் என்று ஒரு காவல்காரனை மிக்ஸருக்குள் வைத்திருந்தார்கள். ஏசி இரைச்சல், நாற்காலி முனகல் மாதிரியான சின்னச் சத்தங்களை அது வெளியே விடாது. அண்ணியின் கிசுகிசுப்பும் அதற்குச் சின்னச் சத்தம்தான். கேட்டைத் தளர்த்தினால் ஸ்பீக்கர்கள் ஊளையிடும். "பேருதான் கேட், எதையும் கேக்காது" என்று முன்பெல்லாம் அண்ணி கிண்டல் செய்வாள். கடைசி நாட்களில் அந்தக் கிண்டலை யாரும் எடுக்கவில்லை.

அவள் போனபிறகு அண்ணன் அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழைய பதிவையும் போட விடவில்லை. அறிவிப்புகள் திரையில் எழுத்தாக ஓடின. யார் படிக்கிறார்கள்? கதாநாயகி சாகிற இடத்தில் எவனுடைய கைபேசியாவது குத்துப்பாட்டு பாடும். கடைசியில் அண்ணன் மகளே, "நான் பேசுறேன்ப்பா" என்று முன்வந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அம்மாவின் குரல் அப்படியே அவளிடம் இருந்தது. கொஞ்சம் இளசு, அவ்வளவுதான்.

வாயாடிக்காகத்தான் பாம்புக்காது டிஜிட்டல் மிக்ஸரில் ப்ளக்-இன் என்கிற புதுத் துணை மென்பொருள் ஒன்றை ஏற்றினாள். டக்கர் என்பார்கள். அறிவிப்பு அறையில் பேச்சு எழுந்தால் அரங்கில் ஓடும் பாட்டு தானாக இறங்கும். பேச்சு நின்றால் தானாக ஏறும். அதுவரை அவள்தான் அதைக் கையால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இது? உனக்குக் கை இல்லையா?" என்றார் அண்ணன்.

"ரெண்டு கைதானே இருக்கு. உங்க பொண்ணு எப்ப ஆரம்பிப்பா, எப்ப நிறுத்துவான்னு எந்தக் கைக்குத் தெரியும்?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

அன்று பிற்பகல் அரங்கம் காலி. பாட்டு ஓடும் சேனலில் டக்கரைச் செருகினாள். எந்த மைக்கைக் கேட்டு இறங்க வேண்டும் என்று அது கேட்டது. அறிவிப்பு அறை மைக்கைக் காட்டினாள். கேட்டைத் தாண்டி வரும் ஒலியைக் கொடுத்தால் வாயாடியின் முதல் எழுத்து வெட்டுப்படும். அதனால் கேட்டுக்கு முன்னாலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு சத்தம் வந்தால் டக்கர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு கோடு உண்டு, த்ரெஷோல்ட் என்பார்கள். சோதிப்பதற்காக அதை நன்றாகக் கீழே இழுத்துவிட்டு, ஒரு புல்லாங்குழல் இசையை ஓடவிட்டாள்.

குழல் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

ஏசி இரைச்சலாக இருக்கும் என்று அடிச்சத்தத்தை வெட்டினாள். அப்படியும் இறங்கியது. கேபிளில் கோளாறோ என்று மைக்கின் இணைப்பைப் பிடுங்கினாள். குழல் நிலையாக நின்றது. திரும்பச் செருகினாள், இறங்கியது. எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். துணி போர்த்திய மைக், மேசையோடு ஒட்டித் தள்ளிய நாற்காலி. கதவு பூட்டித்தான் இருந்தது.

மேசைக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கம் கன்னாபின்னாவென்று வரவில்லை. சின்னதாக ஒரு இறக்கம், நீளமாக ஒரு காத்திருப்பு, திரும்ப அதே சின்ன இறக்கம். யாரோ எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பதைப்போல. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டக்கர் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் தனக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினாள்.

முதலில் வெறும் அறையின் காற்று. பிறகு, காதுமடலுக்குள் உதடு வைத்த மாதிரி:

"கேக்குதா?"

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். காலி நாற்காலி வரிசைகளுக்கு மேல் குழல் தணிந்து, காத்திருந்து, எழுந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். "ஒண்ணும் சொல்லமாட்டேன். போட்டுப் பாருங்க."

அண்ணன் நின்றபடிதான் ஹெட்ஃபோனை மாட்டினார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அறைக்குள் பேசுவதற்கென்று மேசையில் இருந்த டாக்பேக் மைக்கை அவரே அழுத்தினார்.

"கேக்குதும்மா. நல்லா கேக்குது."

குழல் அடிமட்டத்துக்கு இறங்கியது. வெகுநேரம் ஏறவில்லை.

அதிலிருந்து மதியமானால் அண்ணன் மிக்ஸர் மேசைக்கு வந்துவிடுவார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார். முகத்தில் களை வந்தது. தாடி போனது. செத்தவள் பேசுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாயாடியிடம் மூச்சு விடக்கூடாது என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். மாலைக் காட்சிகளுக்கு அண்ணன் அறையைத் திறந்துவிடுவார், அப்போது மட்டும் பாம்புக்காது த்ரெஷோல்டை மேலே ஏற்றி வைத்தாள். வாயாடி பேசினால் மட்டும் பாட்டு இறங்கியது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

முதலில் அவள் காதுக்கு உறைத்தது வாயாடியின் குரல். முதல் காட்சியில் கணீரென்று இருந்தது. அடுத்த வாரம் அதே குரலுக்கு மைக்கைக் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கூட்டினாள். சளி என்றார்கள். மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்றார்.

இன்னொன்றும் உறைத்தது. மதியங்களில் அந்த மற்ற குரல் கிசுகிசுப்பாக இல்லை. சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரில் பச்சைக் கோடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயரமாக எழுந்தது. மகளின் குரல் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு.

ஒருநாள் காட்சி தொடங்கும் முன் வாயாடி அறையிலிருந்து வெளியே வந்தாள். கரகரத்த குரலில், "அத்தை, எதுக்கு டாக்பேக்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்குறீங்க?" என்றாள்.

"என்ன கேட்டேன்?"

"கேக்குதா, கேக்குதான்னு. நானும் ஒவ்வொரு தடவையும் கேக்குது கேக்குதுன்னு சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

பாம்புக்காது டாக்பேக்கை அன்று தொடவேயில்லை.

மறுநாள் மதியம் அண்ணன் வருவதற்கு முன்பே அவள் வந்து த்ரெஷோல்டை உச்சத்துக்கு ஏற்றினாள். பாட்டு அப்போதும் இறங்கியது. டக்கரையே அணைத்தாள். பாட்டு நிலைத்தது, ஆனால் அறிவிப்பு மைக்கின் மீட்டர் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இணைப்பைப் பிடுங்கினாள். முன்பு பிடுங்கியபோது அடங்கியது இப்போது அடங்கவில்லை. கேபிளின் நுனி அவள் கையில் தொங்கிக்கொண்டிருக்க, பச்சைக் கோடு எழுந்து, நின்று, எழுந்தது.

அண்ணன் வந்தார். கேபிளைப் பார்த்தார். "என்ன பண்றே?"

"அண்ணா, நீங்க பதில் சொல்லச் சொல்ல அவங்க சத்தம் ஏறுது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சீங்களா? உங்க பொண்ணு தொண்டையிலேர்ந்து வருது."

"உளறாதே. அவளுக்குச் சளி."

"என் காது பொய் சொல்லாது."

"உயிரோட இருந்தப்ப அவ கேட்டதுக்கெல்லாம் நான் பொய் சொன்னேன்டி!" அண்ணனுக்குக் குரல் உடைந்தது. "ஒண்ணுமே கேக்காம விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். இப்பத்தான் நிஜமா கேக்குது. இதையும் நிறுத்துங்கிறியா?"

அந்த நேரம் பார்த்து வாயாடி உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர வார்த்தை எழவில்லை. பயந்துபோய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அம்மா கடைசி நாட்களில் பிடித்துக்கொண்ட அதே மாதிரி.

அண்ணன் முகம் வெளுத்துப்போனது. மகளை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு ஹெட்ஃபோனை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"நீ மாட்டிக்கோ. என்னால கேட்டுக்கிட்டே சொல்ல முடியாது."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். பாம்புக்காது டாக்பேக்கை அழுத்திப் பிடித்தாள். அவள் காதில் அண்ணியின் குரல், நோய்க்கு முந்தைய அந்த முழுக்குரல், அரங்கத்தையே நிரப்பும் குரல், கேட்டது. கேட்டதும் அவள், சொல்லுங்கள் என்பதுபோல அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அண்ணன் கையைத் தூக்கினார். கட்டை விரல் பழக்கத்தில் நிமிர்ந்தது. இன்னொரு கையால் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கலம்மா."

மீட்டர் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு இன்னும் பலமாக எழுந்தது. பாம்புக்காது பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள்.

"கேக்கல. ஒண்ணுமே கேக்கல." கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. "மைக் சரியில்லம்மா. எவ்வளவு பேசினாலும் இங்க யாருக்கும் கேக்காது."

பச்சைக் கோடு தாழ்ந்தது. அவள் காதில் குரல் கரகரப்பானது, பிறகு கிசுகிசுப்பானது. அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கோடு இறங்கியது. கடைசியில் புள்ளியாகி, அணைந்தது. "அப்பா" என்றாள் நாற்காலியிலிருந்து வாயாடி. கம்மலாக, ஆனால் குரலாக.

அண்ணன் மகளிடம் ஓடினார். அந்தக் கணத்தில்தான், ஹெட்ஃபோனைக் கழற்றப்போன பாம்புக்காதுக்கு இன்னொன்று கேட்டது. கோபமோ வருத்தமோ இல்லாத, சந்தையில் பிரியும்போது சொல்வதைப்போன்ற சாதாரணப் பேச்சு.

"சரி விடுங்க. வீட்டுல பேசிக்கலாம்."

அவள் அதை அன்று சொல்லவில்லை. அப்பாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? "இன்னிக்கு இவ எங்க வீட்டுல இருக்கட்டும், வெந்நீர் வச்சுக் கொடுக்கிறேன்" என்று வாயாடியை மட்டும் தன்னோடு அழைத்துப்போனாள். "நீங்களும் வாங்க" என்று அண்ணனையும் கெஞ்சிப் பார்த்தாள். தனியாக இருக்க வேண்டும்போல இருக்கிறது என்று அவர் போய்விட்டார்.

காலையில் விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். சலவைச் சட்டையில், தலைவாரி நின்றார். சமையலறையில் இரண்டு தேநீர்க் குவளைகள் இருந்தன. ஒன்று காலி. ஒன்றில் ஆடை கட்டியிருந்தது.

"அண்ணா, நேத்து கடைசியா அவங்க..."

"தெரியும்" என்றார் அவர். "வந்துட்டா."

"உங்க பொண்ணை இங்க அனுப்பமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "அனுப்பாதே" என்றார் அவரும் உடனே. "அவ உன்கிட்டயே இருக்கட்டும். அதான் நல்லது."

வாயாடியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இப்போது அத்தை வீட்டில் தூக்கத்திலும் பேசுகிறாள். அறிவிப்பு அறைக்குப் புது மைக் வந்தது. அவள் பேசினால் பாட்டு பணிவாக இறங்குகிறது, நிறுத்தினால் ஏறுகிறது. வேறு எதற்கும் அது அசைவதில்லை. பாம்புக்காது தினமும் ஒருமுறை ஹெட்ஃபோனை மாட்டிச் சோதித்துக்கொள்கிறாள். காற்றுதான்.

அண்ணன் நுழைவுச்சீட்டுக் கவுன்ட்டரில் உட்காருகிறார். உடம்பு தேறியிருக்கிறது. வேலை முடிந்ததும் புதுமாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு ஓடுகிறார். ஆனால் கவுன்ட்டரில் வரிசை இப்போதெல்லாம் மெதுவாகத்தான் நகர்கிறது. "என்னங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று ஆட்கள் கண்ணாடித் துளையில் காதை வைக்கிறார்கள்.

ஒரு மதியம் பாம்புக்காது கவுன்ட்டருக்குள் போய் அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டாள். "அண்ணா, மருத்துவர்கிட்ட போலாம். உங்க தொண்டை போயிட்டிருக்கு. எதுக்குப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்கூடச் சத்தம் இல்லை. அவள் காதாக இருந்ததால்தான் அவர் சொன்னது விழுந்தது.

"இருக்கட்டும்டி. அவ பேசட்டும். நான் பேசி என்ன ஆகப்போகுது?"

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அண்ணன் நுழைவுச்சீட்டுக் கட்டைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டு, எத்தனை வேண்டும் என்று வெளியே நின்றவரிடம் விரலால் கேட்டார்.